இந்தியக் கணித ஆசிரியர் சங்கம்

இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் என்பது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கணிதம் கற்பிப்போரும், கணிதக் கல்வியில் ஆர்வம் உடையோரும் ஒன்றுசேர்ந்து நடத்தும் ஒரு தன்னார்வ அமைப்பு ஆகும். 1965 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இச்சங்கம் சென்னை திருவல்லிக்கேணியைத் தலைமையிடமாகக் கொண்டது. எல்லா நிலைகளிலும் கணிதக் கல்வியை மேம்படுத்துவது இதன் நோக்கம். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதழ்கள் வெளியிடுதல், தேசியக் கணிதத் திறன் போட்டியை நடத்துதல், ஆண்டு மாநாடு கூட்டுதல் ஆகியன இதன் முதன்மைப் பணிகள்.

பாட ஆசிரியர் சங்கம் எவ்வாறு இயங்குகிறது, ஓராண்டில் அது செய்யும் வேலைகள் யாவை, அவ்வேலைகளின் பயன் என்ன என்பவற்றை அறிய இச்சங்கம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பாட ஆசிரியர் சங்கம்

ஆசிரியர் அமைப்புகள் இரு வகைப்படும். ஊதியம், பணி நிலை, இடமாற்றம், ஓய்வூதியம் போன்ற உரிமைகளுக்காகப் பாடுபடுபவை முதல் வகை. ஒரு குறிப்பிட்ட பாடத்தை எவ்வாறு நன்றாகக் கற்பிப்பது என்பதையே பொருளாகக் கொண்டவை இரண்டாம் வகை. இவை பாட ஆசிரியர் சங்கங்கள் எனப்படும். முதல் வகை அமைப்பில் எல்லாப் பாட ஆசிரியர்களும் இருப்பர். இரண்டாம் வகை அமைப்பில் தொடக்கப் பள்ளி ஆசிரியரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒரே பாடத்தின் பொருட்டு ஒன்றாக அமர்வர். வேறு இடங்களில் இவ்விருவரும் சந்திக்கும் வாய்ப்பு குறைவு. ஏழாம் வகுப்பில் பின்னங்கள் ஏன் புரியாமல் போகின்றன என்பது பள்ளி ஆசிரியருக்குத் தெரியும். அந்தப் பின்னங்கள் மேற்படிப்பில் எங்கே தேவைப்படும் என்பது பேராசிரியருக்குத் தெரியும். இவ்விரு அறிவும் ஓரிடத்தில் சேர்வதே இத்தகைய சங்கத்தின் அடிப்படைப் பயன் ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

உலகின் பழமையான பாட ஆசிரியர் சங்கங்களுள் ஒன்று இங்கிலாந்தில் 1871 இல் தோன்றியது. அக்காலத்தில் அந்நாட்டுப் பள்ளிகளில் வடிவியல் என்றாலே யூக்ளிடின் நூல்தான். தேற்றங்களை அந்நூலில் உள்ள வரிசையிலேயே மாணவர் நெட்டுருச் செய்து எழுத வேண்டியிருந்தது. இதை மாற்ற விரும்பிய ஆசிரியர்கள் வடிவியல் கற்பித்தல் மேம்பாட்டுச் சங்கம் என்ற பெயரில் கூடினர். 1897 இல் அது கணிதச் சங்கம் எனப் பெயர் மாறியது. யூக்ளிடின் வரிசையைக் கட்டாயமாகப் பின்பற்ற வேண்டும் என்ற விதியைக் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1903 இல்தான் கைவிட்டது. சங்கம் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே அதன் முதல் கோரிக்கை நிறைவேறியது. அமெரிக்காவில் இத்தகைய தேசிய அமைப்பு 1920 இல் தோன்றியது.

இந்தியாவில் இதற்கு முன்னோடியாகக் கருதத்தக்கது 1907 இல் வி. இராமசாமி ஐயர் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகம். அவர் துணை ஆட்சியர் பதவியில் இருந்தவர். அரசுப் பணியின் ஓய்வு நேரத்தில் கணிதத்தில் ஈடுபட்டவர். அக்கழகத்தின் இதழில்தான் சீனிவாச இராமானுசனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911 இல் வெளிவந்தது. எனினும் அக்கழகத்தின் கவனம் பெரும்பாலும் கணித ஆராய்ச்சியின்மீது இருந்தது.

1960களில் பள்ளிக் கணிதத்திற்குத் தனிக் கவனம் தேவைப்பட்டது. 1957 இல் சோவியத் ஒன்றியம் செயற்கைக்கோளை ஏவிய பின்னர், பல நாடுகள் அறிவியல், கணிதப் பாடத்திட்டங்களைத் திருத்தி அமைத்தன. கணங்கள், தொடர்புகள் போன்ற கருத்துகளைக் கொண்ட புதுக் கணிதம் பள்ளிக்குள் நுழைந்தது. இந்தியாவில் 1963 முதல் ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிலரங்குகள் நடத்தப்பட்டன. தாம் மாணவராக இருந்தபோது படிக்காத ஒன்றைக் கற்பிக்க வேண்டிய நிலை ஆசிரியர்களுக்கு ஏற்பட்டது. சில வாரப் பயிலரங்கு முடிந்து ஊர் திரும்பிய ஆசிரியர், ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் இல்லாமல் தனித்து நின்றார். இச்சூழலில் 1965 இல் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் தோன்றியது.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, பள்ளிக் கல்வியின் முதல் பத்து ஆண்டுகளுக்குக் கணிதமும் அறிவியலும் எல்லோருக்கும் கட்டாயப் பாடங்களாக இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு பாடத்திற்கும் ஆசிரியர் சங்கங்கள் அமைவது புது முயற்சிகளைத் தூண்டவும் பாடத்திட்டத்தை மேம்படுத்தவும் உதவும் என்றும் அக்குழு குறிப்பிட்டது.

ஓராண்டுப் பணி

சங்கத்தின் ஆண்டு பள்ளியின் ஆண்டைப் பின்பற்றியே அமைகிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பணியில் உள்ள ஆசிரியர்களாகவோ ஓய்வு பெற்ற ஆசிரியர்களாகவோ இருப்பதே இதற்குக் காரணம். பள்ளித் தேர்வு நடக்கும் காலத்தில் சங்க வேலை செய்ய ஆள் கிடைக்காது. பள்ளி விடுமுறையில் மாணவர் கிடைக்கமாட்டார்கள். இவ்விரண்டிற்கும் இடையே கிடைக்கும் நாட்களில் எல்லாப் பணிகளையும் முடிக்க வேண்டியுள்ளது.

சூன், சூலை மாதங்கள்

தமிழ்நாட்டில் சூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கின்றன. போட்டி பற்றிய அறிவிப்பு பள்ளிகளுக்கு அனுப்பப்படும் காலம் இது. அறிவிப்பு தலைமை ஆசிரியரின் மேசையைச் சென்றடைந்தால் மட்டும் போதாது. அதை எடுத்துச் சென்று வகுப்பில் படித்துக் காட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். மாணவர் பெயர்களைச் சேர்ப்பது, கட்டணம் திரட்டுவது, பட்டியல் அனுப்புவது ஆகிய வேலைகளை அந்தந்தப் பள்ளியின் கணித ஆசிரியரே வழக்கமான பாட வேளைகளுக்கு மேலாகச் செய்கிறார். இவ்வாறு முன்வரும் ஆசிரியர் இல்லாத பள்ளியில் எத்துணைத் திறமையான மாணவர் இருப்பினும் போட்டி நடப்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

முதல்நிலைத் தேர்வு

பொதுவாக ஆகத்து மாத இறுதியை ஒட்டி முதல்நிலைத் தேர்வு நடைபெறும். மாணவர் தத்தம் பள்ளியிலோ அருகில் உள்ள மையத்திலோ இதை எழுதுவர். விடையைத் தேர்ந்தெடுத்தல், கோடிட்ட இடத்தை நிரப்புதல் ஆகிய இரு வகை வினாக்கள் இதில் உண்டு. 30 வினாக்கள், 2 மணி நேரம் என்பது அண்மைக்கால வினாத்தாள்களின் அமைப்பு. சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கப்படும்.

மதிப்பெண் குறைக்கும் இம்முறைக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு, சராசரியாக நான்கு வினாக்களில் ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். அவர் பெறுவது 1, இழப்பது ஒன்றரை. எனவே வெறும் ஊகத்தால் நட்டமே விளையும். ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று கண்டுபிடித்து நீக்கிவிட்டால், எஞ்சிய மூன்றில் ஊகிப்பதால் ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை. இரு விடைகளை நீக்க முடிந்தால் ஊகிப்பது ஆதாயமாகும். அதாவது, முழு விடை தெரியாவிட்டாலும் பகுதி அளவு சிந்தித்த மாணவருக்கு இம்முறை சற்று இடம் தருகிறது. சிந்திக்காமல் குறியிடுபவருக்கு இடம் தருவதில்லை.

இறுதித் தேர்வு

முதல்நிலையில் தேர்வானோர் அக்டோபர் மாத அளவில் இறுதித் தேர்வை எழுதுவர். இதில் விடை மட்டும் போதாது, காரணமும் எழுத வேண்டும். இரு தேர்வுகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்வரும் எடுத்துக்காட்டு விளக்கும்.

அடுத்தடுத்த நான்கு முழு எண்களைப் பெருக்கி, அதனுடன் 1 கூட்டினால் எப்போதும் ஒரு வர்க்க எண் கிடைக்கும் என நிறுவுக என்பது கணக்கு. 1 × 2 × 3 × 4 + 1 = 25, அதாவது 5 இன் வர்க்கம். 2 × 3 × 4 × 5 + 1 = 121, அதாவது 11 இன் வர்க்கம். 3 × 4 × 5 × 6 + 1 = 361, அதாவது 19 இன் வர்க்கம். இவ்வாறு நூறு எடுத்துக்காட்டுகளை எழுதினாலும் அது நிறுவல் ஆகாது.

நிறுவலுக்கு ஒரு வழி வருமாறு. நான்கு எண்களில் முதலாவதையும் நான்காவதையும் பெருக்குக. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்குக. இரண்டாம் பெருக்கற்பலன் முதலாவதைவிட எப்போதும் 2 அதிகமாக இருக்கும். (3, 4, 5, 6 என்னும் எண்களுக்கு இவை 18, 20 ஆகும்.) இவ்விரண்டிற்கும் நடுவில் உள்ள எண்ணைக் 'க' எனக் கொண்டால், நான்கு எண்களின் பெருக்கற்பலன் (க − 1) × (க + 1) ஆகும். இது க² − 1 க்குச் சமம். அதனுடன் 1 கூட்டினால் க² கிடைக்கிறது. இங்கு 'க' என்பது 19.

இதே கணக்கை வேறொரு மாணவர் இயற்கணித விரிவாக்கத்தின் மூலம் செய்யலாம்; மற்றொருவர் யாரும் எதிர்பாராத வழியில் செய்யலாம். எனவே இவ்விடைத்தாள்களை விடைக் குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு விரைந்து திருத்த முடியாது. ஒவ்வொரு மாணவரின் சிந்தனையையும் ஆசிரியர் வரி வரியாகப் பின்தொடர வேண்டும். ஓராண்டுப் பணியில் மிகுந்த உழைப்பைக் கோரும் கட்டம் இதுவே.

ஆண்டு மாநாடு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் டிசம்பர் இறுதியில் ஆண்டு மாநாடு நடைபெறுவது வழக்கம். நாட்டின் பல்வேறு ஊர்களில் உள்ள கல்வி நிறுவனங்கள் மாநாட்டை ஏற்று நடத்துகின்றன. ஆசிரியர்கள் கட்டுரை வாசித்தல், சிறப்புச் சொற்பொழிவுகள், கற்பித்தல் துணைக்கருவிகளைக் காட்சிப்படுத்தல் ஆகியன இதில் இடம்பெறும்.

இக்காலம் இராமானுசன் பிறந்த டிசம்பர் 22 ஐ ஒட்டி வருவதும் பொருத்தமாக அமைந்தது. அந்நாளைத் தேசியக் கணித நாளாக அன்றைய தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் 2011 டிசம்பரில் சென்னையில் அறிவித்தார். 2012 தேசியக் கணித ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

சனவரி முதல் மே வரை

பொதுத் தேர்வுகள் நெருங்குவதால் பள்ளி ஆசிரியர்கள் சங்கப் பணிகளுக்கு நேரம் ஒதுக்க இயலாத காலம் இது. தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் பணி அவர்களுக்கு இருக்கும். இந்நாட்களில் கணக்கு வழக்குகளை முடித்தல், அடுத்த ஆண்டுக்கான வினாக்களைத் திரட்டுதல், இதழ்களைத் தயாரித்தல் போன்ற மேசைப் பணிகளை ஓய்வு பெற்றோரே பெரிதும் தாங்குவது இத்தகைய சங்கங்களின் இயல்பு. பதிவு பெற்ற சங்கம் என்பதால் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுவதும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கை அதன்முன் வைப்பதும் இதன் கடமைகள்.

போட்டியின் பிரிவுகள்

தேசியக் கணிதத் திறன் போட்டியின் பிரிவுகள் கணித அறிஞர்களின் பெயர்களால் வழங்குகின்றன.

• காஸ் போட்டி – 5, 6 ஆம் வகுப்புகள்
• கப்ரேக்கர் போட்டி – 7, 8 ஆம் வகுப்புகள்
• பாஸ்கரா போட்டி – 9, 10 ஆம் வகுப்புகள்
• இராமானுசன் போட்டி – 11, 12 ஆம் வகுப்புகள்
• ஆரியபட்டா போட்டி – இளநிலைப் பட்ட வகுப்புகள்

இவர்களுள் த. இரா. கப்ரேக்கர் (1905–1986) பெயர் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. இவர் மராட்டிய மாநிலம் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். முதுநிலைப் பட்டம் பெறாதவர். எண்களின் விந்தைப் பண்புகளைத் தாமே ஆராய்ந்து வந்தார். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்து, கிடைத்த எண்ணுக்கும் இதையே மீண்டும் செய்துவந்தால், ஏழு படிகளுக்குள் 6174 வந்துவிடும் என்பது இவரது கண்டுபிடிப்பு. எடுத்துக்காட்டாக, 3524 என்னும் எண்ணுக்கு:

5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

இதன்பின் 7641 − 1467 = 6174 என அதே எண் திரும்பத் திரும்ப வரும். பள்ளி மாணவருக்கான போட்டிக்குப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டிருப்பது சங்கத்தின் இயல்புக்கு ஏற்றதாக உள்ளது.

இதழ்கள்

சங்கம் ஆசிரியர்களுக்கெனத் 'தி மேத்தமேட்டிக்சு டீச்சர்' என்னும் காலாண்டிதழையும், மாணவர்களுக்கென 'சூனியர் மேத்தமேட்டீசியன்' என்னும் இதழையும் வெளியிட்டு வந்துள்ளது. கற்பித்தல் அனுபவங்கள், கணித வரலாறு, தேற்றங்களுக்குப் புது நிறுவல்கள், கணக்குப் பகுதி போன்றவை இத்தகைய இதழ்களின் உள்ளடக்கம்.

கணக்குப் பகுதி எளிதாகத் தோன்றினும் அதன் பயன் பெரிது. இதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1911 இல் இராமானுசன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், முடிவிலாது ஒன்றினுள் ஒன்றாக அமைந்த வர்க்கமூலங்களின் மதிப்பைக் கேட்டு ஒரு கணக்கை விடுத்தார். வாசகர் எவரும் தீர்வு அனுப்பாமையால் அவரே விடையை அளித்தார். விடை 3. 9 என்பது 1 + 2 × 4. 16 என்பது 1 + 3 × 5. 25 என்பது 1 + 4 × 6 என்னும் தொடர்ச்சியே அதன் உள்ளீடு. பட்டம் பெறாத, வேலை இல்லாத இளைஞர் ஒருவர் தம் கணிதத்தைப் பிறர் முன் வைக்க அன்று கிடைத்த வழி ஓர் இதழின் கணக்குப் பகுதியே ஆகும்.

தன்னார்வ உழைப்பு

சங்கத்தின் பொறுப்பாளர்கள் முழுநேரப் பணியாளர்கள் அல்லர். உறுப்பினர் சந்தா, போட்டிக் கட்டணம், நூல் விற்பனை, நன்கொடை ஆகியனவே இத்தகைய அமைப்புகளின் வருவாய். வினா அமைத்தல், அதைச் சரிபார்த்தல், திருத்துதல், இதழுக்கு எழுதுதல் ஆகியவற்றின் உண்மையான செலவு பணமாகக் கணக்கில் வருவதில்லை. ஆசிரியர்களின் மாலை நேரங்களும் ஞாயிற்றுக்கிழமைகளுமே அச்செலவை ஈடுசெய்கின்றன.

கணிதக் கல்விக்காகத் தன்னார்வமாக உழைத்த சென்னை ஆசிரியர்களுள் பி. கே. சீனிவாசன் (1924–2005) பரவலாக அறியப்பட்டவர். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த இவர், இராமானுசனை நேரில் அறிந்தோரின் கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டினார். அவை 1968 இல் நினைவு மலராக வெளிவந்தன. 1993 இல் இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. இராமானுசனைப் பற்றிப் பின்னாளில் எழுதியோர்க்கு இத்தொகுப்பு ஒரு மூலமாக அமைந்தது. ஒரு பள்ளி ஆசிரியர் தம் ஓய்வு நேரத்தில் இதைச் செய்யாதிருந்தால், அந்நினைவுகளில் பல அவற்றை உடையோருடனேயே மறைந்திருக்கும்.

சிக்கல்கள்

பாட ஆசிரியர் சங்கங்கள் பொதுவாகச் சில சிக்கல்களை எதிர்கொள்கின்றன.

• ஆள் பற்றாக்குறை: ஓய்வு பெற்றோர் தாங்கும் பணிகளை ஏற்க இளைய ஆசிரியர்கள் போதிய அளவில் முன்வர வேண்டும். பள்ளிகளில் பதிவேடுகளும் பிற பணிகளும் பெருகியிருப்பதால் இளைய ஆசிரியர்களுக்கு நேரம் கிடைப்பது அரிதாகியுள்ளது.
• வணிகப் போட்டித் தேர்வுகள்: ஒலிம்பியாடு என்ற பெயரில் தனியார் நிறுவனங்கள் நடத்தும் தேர்வுகள் பல உள்ளன. பெற்றோருக்கு இவற்றிற்கிடையே உள்ள வேறுபாடு எளிதில் விளங்குவதில்லை.
• அடைவில் ஏற்றத்தாழ்வு: நகரப் பள்ளிகளுக்கும் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கும் செய்தி எளிதில் சென்றடைகிறது. சிற்றூர்களில் தாய்மொழிவழியில் பயிலும் மாணவர்க்குச் செய்தியும், பயிற்சிக்கான நூல்களும் கிடைப்பது கடினம்.
• தேர்ந்தோரும் ஏனையோரும்: போட்டிகள் கணிதத்தில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளோரையே பெரிதும் ஈர்க்கின்றன. பெரும்பான்மை மாணவர்களிடம் கணிதம் பற்றிய அச்சமும் தோல்வி உணர்வும் நிலவுவதை, 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி வெளிவந்த கணிதக் கல்வி நிலைப்பாட்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. சென்னையில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இரா. இராமானுசம் அக்குழுவின் தலைவராக இருந்தார்.
• இடையீடுகள்: 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மாணவரை ஓரிடத்தில் கூட்டித் தேர்வு நடத்தும் முறை தடைப்பட்டது. ஒரே ஆண்டு விட்டுப்போனாலும், அவ்வகுப்பு மாணவர்க்கு அவ்வாய்ப்பு மீண்டும் வருவதில்லை.

இச்சிக்கல்களுக்கு மாநாடுகளும் இதழ்களும் ஓரளவு விடை தருகின்றன. போட்டியால் பயன்பெறுவோர் சில மாணவரே. ஆனால் மாநாட்டில் ஒரு புதிய விளக்கத்தைக் கற்றுத் திரும்பும் ஆசிரியர், தம் வகுப்பில் உள்ள எல்லா மாணவர்க்கும் அதைக் கொண்டு செல்கிறார்.

பெயர் ஒற்றுமை

கணித ஆசிரியர் சங்கம் (இந்தியா) என்பது வேறோர் அமைப்பு. மும்பையில் உள்ள ஓமி பாபா அறிவியல் கல்வி மையத்துடன் தொடர்புடைய அவ்வமைப்பு, 2020–21 கல்வியாண்டு முதல் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடுக்கான இந்தியத் தேர்வின் முதற்கட்டத்தை நடத்தி வருகிறது. இந்தியா அப்பன்னாட்டுப் போட்டியில் 1989 முதல் பங்கேற்கிறது; 1996 இல் மும்பையில் அதை நடத்தியது. இக்கட்டுரையில் கூறப்பட்ட தேசியக் கணிதத் திறன் போட்டி அத்தேர்வுகளிலிருந்து வேறானது.

இவற்றையும் பார்க்க

• சீனிவாச இராமானுசன்
• இந்தியக் கணிதக் கழகம்
• கப்ரேக்கர் எண்
• பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடு
• தேசியக் கணித நாள்